ஜாவாவில் வயல் வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களில் பல ஜாவாத் தீவின் நெல்வயல்களைப் பற்றியவை. மலேசியாவிலும் வளைகுடாவிலும் நம் பிள்ளைகள் இந்தோனேசியர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பேச்சு தோட்டங்கள்வரை வந்திருக்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் குறிப்பிட்டிருப்பது மேற்கு ஜாவாவின் வடகரையில் உள்ள இந்திரமாயு மாவட்டம். நெல் உற்பத்தியில் இந்தோனேசியாவிலேயே முன்னணியில் நிற்கும் மாவட்டம் அது. வெளிநாட்டு வேலைக்கு ஆட்கள் அதிகமாகப் புறப்படும் மாவட்டமும் அதுவே. ஆகவே பதில்களும் அந்த மாவட்டத்தை வைத்தே அமைகின்றன.

கேள்வி: தம்பி மலேசியாவில் இருக்கிறான். கூட வேலை செய்யும் இந்திரமாயுக்காரர் ஒருவர், ஊரில் ஒரு 'பௌ' (அங்குள்ள நில அளவு) வயல் விலைக்கு வருகிறது, தம்பி பணம் போட்டால் தன் பெயரில் வாங்கி விளைச்சலில் பாதி தருகிறேன் என்கிறாராம். நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பந்தமும் எழுதலாமாம். நம்பலாமா? (வாசகர், அட்டன்)

பதில்: அந்த மனிதர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒப்பந்தத்தை நம்பிப் பணம் போட வேண்டாம்.

இந்தோனேசியாவின் அடிப்படைக் காணிச் சட்டம் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். முழு உரிமை, அதாவது 'ஹக் மிலிக்', அந்நாட்டுப் பிரசைக்கு மட்டுமே என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. நேராகவோ மறைமுகமாகவோ அந்த உரிமையை வெளிநாட்டவருக்குக் கைமாற்றும் எந்த எழுத்தும் செல்லாது, காணி அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. இன்னொருவர் பெயரில் வாங்கி வைப்பது இந்த 'மறைமுக' வகைக்குள் வருகிறது. 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை இதை இன்னும் தெளிவாக்கியது: பணம் யாருடையதானாலும், காணிச் சான்றிதழில் பெயர் உள்ளவரே உரிமையாளர். நொத்தாரிசு முத்திரை குத்திய தாள் இந்த விதியைத் தாண்டாது.

இது அந்த நாட்டுக்கு மட்டும் உள்ள கடுமை அல்ல. இலங்கையிலும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. விவசாயக் காணியின் சொந்தக்காரர் அந்தக் காணி இருக்கும் உபமாவட்டத்திலேயே, அதாவது 'கெச்சமாத்தான்' எல்லைக்குள், குடியிருக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி கேட்கிறது. ஜகார்த்தாவில் இருக்கும் இந்தோனேசியருக்கே இது சிக்கல். மலேசியாவில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஒருவர் பெயரில் வாங்கினால் அவருக்கும் தொல்லை வரலாம்.

பணம் போகும் வழியையும் பாருங்கள். இலங்கையிலிருந்து வெளிநாட்டு முதலீட்டுக்குப் பணம் போவதென்றால் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ், உரிமம் பெற்ற வங்கியில் வெளிமுதலீட்டுக் கணக்கு திறந்துதான் போக வேண்டும். உச்ச வரம்பு வர்த்தமானி மூலம் அடிக்கடி மாறுகிறது. உண்டியலில் அனுப்பினால் நாளை அங்கே வழக்குப் போடக்கூட உங்கள் கையில் ஒரு பற்றுச்சீட்டு இருக்காது.

சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற ஆசை நம் மக்களிடம் எவ்வளவு ஆழமானது என்று தெரியும். இருநூறு ஆண்டு லயத்தில் இருந்துவிட்டு ஏழு பேர்ச்சஸ் உறுதிக்குக் காத்திருந்தவர்கள் நாம். உங்கள் பெயரில் ஒருபோதும் பதிவாகாத காணிக்கு அந்த ஆசையை விலையாகக் கொடுக்கக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறோம்.

கேள்வி: 'பௌ' என்றால் எவ்வளவு? விளைச்சலில் பாதி என்றால் கைக்கு என்ன வரும்? (வாசகர், பண்டாரவளை)

பதில்: இந்திரமாயுவில் வயலை 'பாத்தா' கணக்கில் பேசுவார்கள். ஒரு பாத்தா 14 சதுர மீற்றர். நம் ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர், ஆகவே ஒரு பாத்தா அரைப் பேர்ச்சுக்குச் சற்று அதிகம். 500 பாத்தா சேர்ந்தால் ஒரு பௌ, அதாவது 7,000 சதுர மீற்றர், ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஏக்கர். ஜாவாவின் மற்றப் பகுதிகளில் பௌ சற்றுப் பெரிதாகவும் வரும். எனவே சதுர மீற்றரில் எழுதியதை மட்டும் நம்புங்கள்.

நல்ல தண்ணீர் உள்ள வயலில் எக்டேருக்கு 6 டன் ஈர நெல் என்று வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 116 புசல். ஒரு பௌவுக்கு 4,200 கிலோ. இதில் அறுப்பவர் கூலி நெல்லாகவே போகும். அதற்கு 'பாவோன்' என்று பெயர். ஆறில் ஒன்று என்றால் 700 கிலோ கழியும். இந்திரமாயுவில் 'செப்லோக்கான்' என்ற வழக்கமும் உண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்தவர்களுக்கே அந்த வயலில் அறுக்கும் உரிமை. வெளியாள் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினால் ஊரோடு பகை வரும்.

மிச்சம் 3,500 கிலோ. அரசு 2025 ஜனவரியில் ஈர நெல்லின் கொள்முதல் விலையைக் கிலோவுக்கு 6,500 ருப்பியா என்று நிர்ணயித்தது. அந்த விலையில் 2 கோடியே 27 லட்சத்து 50 ஆயிரம் ருப்பியா. உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, தண்ணீர் வரி எல்லாமாக 80 லட்சம் ருப்பியா என்று ஒரு உதாரணத்துக்கு வைத்தால், மீதியில் பாதி சுமார் 74 லட்சம் ருப்பியா. ஒரு இலங்கை ரூபாவுக்கு ஏறத்தாழ 54 ருப்பியா என்ற கணக்கில் ஒரு போகத்துக்கு 1 லட்சத்து 37 ஆயிரம் ரூபா. எலியும் தத்திப் பூச்சியும் வெள்ளமும் தொடாத போகத்தின் கணக்கு இது. விற்கிறவர் சொல்லும் வயல் விலையை இந்தத் தொகையின் இரண்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள். எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பது தெரியும். வருடத்துக்கு நாலில் ஒரு பங்கு லாபம் என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

மானிய உரத்தைச் சேர்த்துக் கணக்குக் காட்டுகிறார்களா என்றும் பாருங்கள். அந்த உரம் 2 எக்டேருக்கு மேற்படாத விவசாயிகளுக்கு, உழவர் குழுவின் பட்டியலில் பெயர் ஏறியிருந்தால் மட்டுமே கிடைக்கும்.

கேள்வி: சின்னம்மாவின் மகள் இந்திரமாயுக்காரரைத் திருமணம் செய்திருக்கிறாள். கணவர் பெயரில் வயல் வாங்கலாமா? அவளுக்குப் பாதுகாப்பு என்ன? (வாசகி, மாத்தளை)

பதில்: வாங்கலாம். ஆனால் ஒரு தாள் குறைந்தால் கணவரின் உரிமையும் ஆடும்.

இந்தோனேசியச் சட்டப்படி, திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது. பொதுச் சொத்தில் வெளிநாட்டு மனைவிக்கும் பங்கு என்று ஆனதும் அந்தக் காணியில் 'ஹக் மிலிக்' நிற்காது. கலப்புத் திருமணச் சொத்தாகவோ வாரிசாகவோ வெளிநாட்டவர் கைக்கு உரிமை வந்தால் ஒரு வருடத்துக்குள் விட்டுக்கொடுக்க வேண்டும். தவறினால் காணி அரசுக்கு.

ஆகவே சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் அவசியம். முன்பு அதைத் திருமணத்துக்கு முன்னரே எழுதியாக வேண்டியிருந்தது. 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, திருமணமான பின்னும் எழுதலாம். நொத்தாரிசு முன் எழுதி, திருமணம் பதிவான அலுவலகத்திலும் பதிய வேண்டும். இந்த இரண்டாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பதியாத ஒப்பந்தம் மூன்றாம் ஆளைக் கட்டுப்படுத்தாது, காணி அலுவலகத்தில் கைமாற்றம் அங்கேயே நின்றுவிடும்.

ஒப்பந்தம் எழுதியதும் வயல் முழுக்கக் கணவருடையது. உங்கள் தங்கை வீட்டிலிருந்து பணம் கொடுத்தால் அதைக் கடனாக எழுதி, தவணையும் குறித்து, வங்கி மூலம் அனுப்புங்கள். உறவுக்குள் இப்படி எழுதுவது மனதுக்கு ஒருமாதிரி இருக்கும். இருந்தாலும் எழுதுங்கள். அவளுக்கென்று இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் கடன் பத்திரம்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: 'எஸ்.ஹா.எம்.' எனப்படும் உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா? பழைய சான்றிதழ் பச்சை அட்டைப் புத்தகமாக இருக்கும். புதியது கியூ.ஆர். குறியீடு உள்ள ஒற்றைத் தாள். எதுவானாலும், கைமாற்றத்துக்கு முன் மாவட்டக் காணி அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். ஈடு, வழக்கு, தடை எல்லாம் அங்கேதான் வெளிவரும். 'கிரிக்' என்றும் 'லெட்டர் சி' என்றும் காட்டும் தாள்கள் வரி கட்டியதற்கும் கிராமப் பதிவேட்டில் பெயர் இருந்ததற்கும் சாட்சி, அவ்வளவுதான். அவற்றைச் சான்றிதழாக மாற்றிப் பதிய 2021ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி 5 ஆண்டு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் 2026 பெப்ரவரி வரை மட்டுமே. வெறும் கிரிக்கை நீட்டுபவரிடம், முதலில் அவர் செலவில் சான்றிதழ் எடுத்து வரச் சொல்லுங்கள்.

விற்பனை உறுதியை எழுதுபவர் 'பே.பே.அ.தே.' என்ற காணி உறுதி அதிகாரி. எல்லா நொத்தாரிசுக்கும் அந்த அதிகாரம் இல்லை. வாங்குபவர் கட்டும் வரி 5 வீதம், விற்பவர் கட்டுவது 2.5 வீதம். விற்பவரின் பங்கையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விலை பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கிராமத் தலைவரை அந்தப் பக்கம் 'கூவு' என்பார்கள். அவரையும் கிராம அதிகாரிகளையும் பதவிக்காலத்தில் அனுபவிக்க விடும் வயல் 'பெங்கோக்'. கிராமத்தின் பொது வயல் 'தித்திசாரா'. இரண்டையும் விற்க முடியாது. பெங்கோக்கைக் குத்தகைக்கு எடுத்தால், அதிகாரி பதவியிழந்த அன்றே உங்கள் குத்தகையும் கேள்விக்குறியாகும்.

கேள்வி: வாங்க முடியாவிட்டால் ஈட்டுக்கு எடுக்கலாம் என்கிறார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் திருப்பும்வரை வயலை நாம் அனுபவிப்பதாம். (வாசகர், புசல்லாவை)

பதில்: இதை அங்கே 'காடை' என்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்குள் நாள்தோறும் நடப்பது, பெரும்பாலும் வாய்ப்பேச்சில். 1960இல் வந்த காணி எல்லைச் சட்டத்தின் 7ஆம் பிரிவை ஈட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள் அறிந்திருப்பதில்லை. 7 ஆண்டு அனுபவித்த ஈட்டு வயலை, பயிரை அறுத்த ஒரு மாதத்துக்குள், ஒரு சதமும் கேளாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். வயலின் விளைச்சலிலேயே கடன் அடைந்துவிட்டது என்பது சட்டத்தின் பார்வை.

7 ஆண்டுக்கு முன் மீட்டாலும் முழுத் தொகை வராது. ஏழரையிலிருந்து அனுபவித்த ஆண்டுகளைக் கழித்து, 7ஆல் வகுத்து, ஈட்டுத் தொகையால் பெருக்க வேண்டும். 7 கோடி ருப்பியா கொடுத்து 3 ஆண்டு அனுபவித்திருந்தால், ஏழரையில் மூன்று போக நாலரை. அதை ஏழால் வகுத்துப் பெருக்கினால் 4 கோடியே 50 லட்சம்தான் திரும்பும். கடன்பட்ட ஏழை விவசாயியைக் காக்க எழுதிய பிரிவு இது, நியாயமான பிரிவும்கூட. வெளிநாட்டிலிருந்து பணம் போடுகிறவருக்கு இதில் இடமில்லை.

கேள்வி: வயலைப் பார்க்கப் போகும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், தலவாக்கலை)

பதில்: தண்ணீரை. மண்ணும் விலையும் பிறகு. உங்கள் கேள்விக்கு மற்றவற்றைவிட நீண்ட பதில் எழுத விரும்புகிறோம். அந்த மாவட்டத்தில் ஏமாந்தவர்கள் தண்ணீரில்தான் ஏமாறுகிறார்கள்.

இந்திரமாயு சமதரை. வயல் வாழ்வது கால்வாயால். மேற்குப் பக்கத்துக்கு ஜத்திலுகூர் அணையின் தண்ணீர் கிழக்குத் தாரும் கால்வாய் வழியாக வருகிறது. அந்த அணை 1967இல் முடிந்தது. கிழக்குப் பக்கத்துக்கு சிமானுக் ஆற்றின் ரெந்தாங் அணைக்கட்டு. 2015இல் நீர் நிரப்பத் தொடங்கிய ஜத்திகெடே நீர்த்தேக்கம் இப்போது அதற்குத் துணை. ஆகவே முதல் கேள்வி: இந்த வயல் எந்தக் கால்வாயின் கீழ், தலைப்பிலா கடைமடையிலா?

இரண்டாவது கேள்வி: எந்தக் 'கொலோங்கான்'? எல்லா வயலுக்கும் ஒரே நாளில் தண்ணீர் விட முடியாது. அதனால் வயல்களைக் குழுக்களாகப் பிரித்து, ஏறத்தாழ இரண்டு வார இடைவெளியில் வரிசையாக மதகு திறக்கிறார்கள். முதல் குழு ஒக்டோபரில் தொடங்கினால் கடைசிக் குழு டிசம்பரில்தான் நாற்று விடும். நம் பெரும்போகம் போன்ற மழைப்போகத்துக்கு அங்கே 'ரெண்டெங்'. சிறுபோகத்துக்கு 'காடு' (நம் காடு அல்ல, அந்த மொழிச் சொல்). கடைசிக் குழுவின் ரெண்டெங் பிந்தினால் அதன் காடுப் போகமும் பிந்தும். பால் பிடிக்கும் நேரத்தில் கால்வாய் வற்றும். பக்கத்து வயல்கள் அறுத்து முடிந்திருக்கும், அங்கே இருந்த கபிலத் தத்தியும் எலியும் பச்சையாக நிற்கும் இந்த வயலுக்குள் இறங்கும். காகிதத்தில் 'இருபோக வயல்' என்று ஒன்றுபோல் எழுதியிருக்கும் இரண்டு வயல்களில் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால், காரணம் பெரும்பாலும் இதுவே.

மூன்றாவது, உப்பு. கண்டாங்காவூர், லொசாராங், கிராங்கெங் போன்ற கரையோரப் பகுதிகளில் வறட்சிக் காலத்தில் கடல்நீர் வாய்க்காலுக்குள் ஏறும். கடல் பெருக்கெடுத்து ஊருக்குள் வருவதை 'ரோப்' என்பார்கள். உப்பு இறங்கிய வயலை, மழையில் பச்சையாக நிற்கும் ஜனவரியில் காட்டுவார்கள். நீங்கள் ஓகஸ்டில் போங்கள். மண் வெடிப்பின் ஓரத்தில் வெள்ளைப் படிவம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வாய்க்கால் கரையில் நாணலும் உப்புப் புல்லும் நிற்கிறதா? பக்கத்து நிலத்தில் இறால் குட்டை வெட்டியிருக்கிறார்களா? குட்டை வெட்டிய இடத்தில் நெல் தோற்றுவிட்டது என்று பொருள்.

தண்ணீர் விவரத்தை விற்பவரிடம் கேட்க வேண்டாம். கிராமத்தில் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் அதிகாரிக்கு 'ரக்சா பூமி' என்று பெயர். பூமியைக் காப்பவர் என்று நமக்கே புரியும் பெயர். அவரிடம் கேட்டுவிட்டு, அதே வாய்க்காலில் கீழ்ப்பக்கத்து வயல்காரரிடம், போன வருடம் எந்த மாதம் தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நம்பலாம்.

கேள்வி: வயலை வாங்கி விடுதி கட்டினால்? (வாசகர், எல்ல)

பதில்: கூடாது. 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் பாதுகாக்கப்பட்ட நெல்நிலத்தை வேறு தேவைக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. தண்டனை 5 ஆண்டுவரை சிறை, 100 கோடி ருப்பியாவரை அபராதம். நமக்கு நெல் முக்கியம் என்றால் இந்தச் சட்டமும் நல்ல சட்டம்தான்.

கேள்வி: காசு போடவில்லை, பார்த்துவிட்டு மட்டும் வரலாம் என்றிருக்கிறோம். எப்படிப் போவது, எப்போது போவது? (வாசகர்கள், நுவரெலியா)

பதில்: விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. விமானச் சீட்டுக்கு முன் இந்தோனேசியக் குடிவரவுத் திணைக்களத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்று பார்த்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் வயலில் இறங்கிக் கூலிக்கோ இலவசமாகவோ வேலை செய்யக்கூடாது.

ஜகார்த்தாவின் கம்பிர் அல்லது பசார் செனென் நிலையத்திலிருந்து சிரெபோன் பக்கம் போகும் ரயிலில் ஜத்திபாராங் நிலையத்தில் இறங்குங்கள். ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம். ஜத்திபாராங்கில் நிற்காத ரயில்களும் உண்டு, சீட்டு எடுக்கும்போதே பாருங்கள். சீட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், வாசலில் சரிபார்ப்பார்கள். அங்கிருந்து இந்திரமாயு நகருக்கு 'எல்ஃப்' எனப்படும் சிறிய வான்கள் ஓடும்.

நடவு பார்க்க நவம்பர், டிசம்பர். அறுவடை பார்க்க மார்ச், ஏப்ரல். நோன்புப் பெருநாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் தவிர்த்துவிடுங்கள். ஜகார்த்தாவே ஊருக்குத் திரும்பும் நாட்கள் அவை, வடகரைச் சாலையும் ரயிலும் நிரம்பி வழியும். அலுவலக வேலை இருந்தால் வெள்ளிக்கிழமை நண்பகலை விட்டுவிடுங்கள், தொழுகை நேரம்.

மழைக்காலத் தொடக்கத்தில் லெலேயா ஊரில் 'ங்காரொத்' சடங்கு நடக்கும். பூ முடி சூடிய இளம் பெண்களும் வாலிபர்களும் ஊர்வலமாக வந்து நடவுப் பருவத்தைத் தொடங்கிவைப்பார்கள். அறுவடைக்கு முன் 'மாப்பாக் ஸ்ரீ', நெல்லின் தேவியான தேவி ஸ்ரீயை எதிர்கொண்டு அழைப்பது. முஸ்லிம் கிராமங்கள் என்றாலும் நெல்லின் தெய்வத்துக்கு அந்தப் பெயர்தான். தைப்பொங்கல் வைக்கும் நமக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

கேள்வி: மகன் வேலையாக ஆறு மாதம் அங்கே தங்க வேண்டும். மரக்கறி மட்டுமே சாப்பிடுவான். சமாளிப்பானா? (வாசகி, பூண்டுலோயா)

பதில்: சமாளிப்பார், அம்மா. 'சேக லெங்கோ' என்று கேட்கச் சொல்லுங்கள். சோறு, பொரித்த தோஃபு (சோயாக் கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயா), பயறு முளை, வெள்ளரி, மேலே நிலக்கடலைச் சாறு. அந்தப் பக்கத்து ஏழைகளின் காலை உணவு அது. சம்பலில் மட்டும் எச்சரிக்கை, 'தெராசி' என்ற இறால் கூனிச் சாந்து பெரும்பாலும் கலந்திருக்கும். 'தன்பா தெராசி' என்றால் அது இல்லாமல் தருவார்கள்.

உங்கள் ஊர்க் குளிருக்குப் பழகியவருக்கு முதல் மாதம் வெக்கை வாட்டும், பகலில் 32, 33 பாகை சாதாரணம். குடிக்க 19 லீற்றர் போத்தல் தண்ணீர். நுளம்பு வலை கட்டாயம். வாடகை அறையைக் 'கொஸ்' என்பார்கள். வெளியாள் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் தெருத் தலைவரிடம், அதாவது 'ஆர்.தே.'யிடம், கடவுச்சீட்டைக் காட்டிப் பதிய வேண்டும். கொஸ் உரிமையாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் மகனே போய்ப் பேசினால் நல்லது. ஊருக்குள் அவரைப் பற்றி முதல் நல்ல வார்த்தை அங்கிருந்துதான் வரும்.

மொழி பயப்படும்படி இல்லை. வயலில் நிற்பது 'பாடி', அறுத்த நெல் 'காபா', அரிசி 'பெராஸ்', சோறு 'நாசி'. நமக்கும் பயிர், நெல், அரிசி, சோறு என்று தனித்தனிச் சொற்கள் இருப்பதால் இது மனதில் சட்டென்று ஒட்டும். கடை அங்கே 'கெடை', கப்பல் 'கப்பால்', பெட்டி 'பெத்தி', கிடங்கு 'குடாங்'. நம் சொற்கள் நமக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

கேள்வி: நாங்கள் படிக்கட்டு வயலில் நெல் செய்கிறோம். ஜாவாவின் 'லெகோவோ' நடவை இங்கே செய்யலாமா? (வாசகர், வெலிமடை)

பதில்: ஜாவாவில் காணி வாங்குவதைவிட இது பயனுள்ள கேள்வி. செய்யலாம்.

'ஜஜார் லெகோவோ' என்றால் இரண்டு வரிசை, ஒரு சந்து. இரண்டு வரிசைக்கு இடையே 25 சென்ரிமீற்றர், வரிசைக்குள் குத்துக்குக் குத்து 12.5, பிறகு 50 சென்ரிமீற்றர் வெறுஞ்சந்து. சந்து விட்டால் பயிர் குறையும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் எக்டேருக்கு 2,13,000 குத்து வருகிறது. 25க்கு 25 சதுர நடவில் 1,60,000 மட்டுமே. வரப்போரத்துக் குத்து நன்றாகத் தூர்கட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்த முறையில் எல்லாக் குத்தும் வரப்போரக் குத்து மாதிரிதான்.

பலகையடித்துச் சமன் செய்த பிறகு தண்ணீரை வடித்து ஒரு நாள் விடுங்கள். மரத்தில் பல் வைத்த கோடு போடும் பரம்பை, ஜாவாவில் 'சப்லாக்', சேற்றின் மேல் இழுத்தால் கோடு பதிய வேண்டும். பதிந்த கோடு உடனே மூடிக்கொண்டால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. பல் மண்ணைப் பெயர்த்து வந்தால் காய்ந்துவிட்டது, மெல்லத் தண்ணீர் பாய்ச்சி மறுபடி இழுங்கள். ஜாவாவில் 15 முதல் 21 நாள் நாற்று, குத்துக்கு இரண்டு மூன்று. வெலிமடைக் குளிரில் நாற்று மெதுவாக வளரும். நாளை எண்ணாமல், மூன்று நான்கு இலை வந்ததா என்று பார்த்துப் பிடுங்குங்கள்.

பலர் தவறுவது வரிசைக்குள் உள்ள அந்த 12.5இல். நடுகிறவர்கள் பழக்கத்தில் 20, 25 என்று தள்ளி நட்டுவிடுவார்கள். அப்போது சந்தும் போய், குத்தும் குறைந்து, பழைய முறையைவிட மோசமாகும். முதல் நாள் ஒரு கயிற்றில் 12.5 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். உரத்தைச் சந்தில் போடாமல் இரட்டை வரிசைக்குள் போடுங்கள். சந்தில் வெயில் விழுவதால் களையும் அங்கேதான் முளைக்கும். நட்ட 15ஆம் நாளில் உருளும் களைக்கருவியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள், அது போகத்தான் 50 சென்ரிமீற்றர்.

ஒன்றரை மீற்றருக்குக் குறைவான ஒடுங்கிய படிக்கட்டில் இந்த முறை வேண்டாம். அங்கே இரு பக்கமும் ஏற்கெனவே வரப்போரம்தான்.

கேள்வி: எலிக்கு ஜாவாவில் மின்கம்பி கட்டுகிறார்களாமே? (வாசகர், ஊவா பரணகம)

பதில்: கட்டுகிறார்கள். அதில் விவசாயிகளே இறக்கிறார்கள், அந்த ஊர்களில் பொலிஸ் தடுத்தும் தொடர்கிறது. இரவில் தண்ணீர் பார்க்கப் போனவர், பக்கத்து வயல்காரர், சில நேரம் கம்பி கட்டிய அவரேகூட. தயவுசெய்து நம் பக்கம் அதைக் கொண்டுவராதீர்கள்.

ஜாவாவில் பலன் தந்தவை வேறு. ஒரே வாய்க்காலின் கீழ் எல்லாரும் இரண்டு வாரத்துக்குள் நட்டு முடிப்பது முதல் வழி. எலி குட்டி போடுவது பயிர் கதிர்க்கருக் கட்டும் காலத்தில். நடவு முன்பின்னாக இழுபட்டால் அந்தக் காலம் நீண்டு, ஒரே எலி இன்னொரு ஈற்றுக்கும் போகும். இரண்டாவது பொறிவேலி. 25க்கு 25 மீற்றர் துண்டில் மற்றவர்களுக்கு மூன்று வாரம் முன்பே நட்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் வேலி அடித்து, அடியில் ஓட்டைகள் விட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் உட்பக்கம் கம்பிக் கூண்டு வைப்பது. முதலில் பச்சையான துண்டைத் தேடி எலி வரும், கூண்டில் விழும். கூண்டை ஒவ்வொரு காலையும் பார்க்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் செத்த எலியின் நாற்றத்தில் மற்றவை வராது. வேலியின் ஓரத்தில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், காய்ந்தால் தாளுக்கு அடியில் தோண்டிப் போய்விடும்.

மூன்றாவது கூகை. மத்திய ஜாவாவின் டெமாக் மாவட்டத்தில் த்லோகோவெரு என்ற கிராமம், வயல் நடுவே கம்பம் நட்டு அதன் மேல் கூகைக்குப் பெட்டி வீடு வைத்து எலியை அடக்கியதால் பெயர் பெற்றது. நம்மிடமும் கூகை உண்டு. அதன் குரலைக் கெட்ட சகுனம் என்று கல்லெறிவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. கூகை வைத்த வயலில் எலிப் பாஷாணம் வைக்கக்கூடாது, விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும்.

எலி உள்ள சேற்றில் இறங்கும் முன் காலில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக் கட்டுங்கள். எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரை உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் கிடைக்கும்.